பொன்னியை வரச் சொன்ன டீச்சர்

கல்வி அலுவலர் பார்வைக்கு வருகிறார் என்று சேதி வந்தால் அந்த நடுநிலைப் பள்ளியில் வழக்கமாக மூன்று காரியங்கள் நடக்கும். கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். மதியச் சாம்பாரில் ஒரு பிடி பருப்பு கூடுதலாக விழும். மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளாகப் பார்த்து இரண்டு மூன்று பேரிடம், "நாளைக்கு நீ வரவேணாம், வீட்லயே இரு" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பிவிடுவார். பிள்ளைகள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போவார்கள். அவர்களில் சிலர் மறுபடி வருவதே இல்லை.

சத்துணவு சமைக்கும் ராணியம்மாளுக்குப் பதினோரு வருஷமாக இது தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் பேச்சு அவ்வளவுதான். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று, "எத்தினி பேர் சாப்பாட்டுக்கு?" என்று கேட்பாள். சொன்ன எண்ணிக்கைக்கு அரிசி களைவாள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் டீச்சர்கள் இருக்கும் இடத்தில் வாய் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் ஒட்டாது.

அப்படித்தான் அந்தப் பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை அவள் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்றபோது, தலைமையாசிரியர் சக்கரபாணியும் மணிமொழி டீச்சரும் பேசிக்கொண்டது முழுவதும் காதில் விழுந்தது.

"நாளைக்கு மேடம் வராங்கம்மா. அந்தப் பொன்னிய..."

"வருவா சார்."

"அதத்தான் சொல்றேன். வரவேணாம்னு சொல்லிடுங்க. ஒருநாள்தானே."

"அந்த ஒருநாளுக்குத்தான் சார் அவ அம்மா காத்துனு இருக்கா. நாமளே வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் அந்தப் பொண்ணு அவ அம்மா கடைலதான் உக்காரும்."

"மேடம் படிக்கச் சொன்னா?"

"படிப்பா."

"எப்போ? அடுத்த பௌர்ணமிக்கா?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் வந்தால் இடுப்பில் செருகியிருக்கும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பது அவள் வழக்கம். துடைத்தாள். "அவ வரட்டும் சார். பேச்சு வந்தா என்மேல வரட்டும்" என்றாள்.

சக்கரபாணி கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. அதுவரை பார்வைப் பதிவேட்டில் பள்ளியைப் பற்றி ஒரு குறையும் ஏறக்கூடாது என்று நினைத்தார். அவ்வளவுதான்.

மணிமொழிக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நிலக்கடலை போட்ட குடும்பம். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து இருபத்தொரு வருஷம். இப்போது குடியிருப்பது வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. குரல் எப்போதும் கட்டியிருக்கும். பாட்டு சுத்தமாக வராது, ஆனாலும் பாடுவாள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஸ்கூட்டர் சாவியை வாரத்துக்கு இரண்டு முறை தொலைப்பாள். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து ராணியம்மாள் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் கையில் பிரம்பு இருக்கும். இப்போது அது இல்லை.

பொன்னியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் ராணியம்மாள்தான். இது பள்ளியில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் இரண்டாம் பருவப் புத்தகங்கள் வந்திருந்தன. முதல் பருவப் புத்தகத்துக்கும் இரண்டாம் பருவப் புத்தகத்துக்கும் பிள்ளைகள் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்டிருந்தார்கள். அந்த வகுப்பில் பாடத்தை முதலில் டீச்சர் படிப்பாள், எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். இரண்டு நாள் அப்படிப் போன பிறகு ஒருவர் எழுந்து நின்று வாசிக்க, மற்றவர்கள் பின்பாட்டாகச் சொல்வார்கள். எழுந்து நின்று வாசிப்பவள் பெரும்பாலும் பொன்னிதான். மணி மாதிரி குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஆச்சரியப்படுவாள்.

அன்றைக்கும் மழையைப் பற்றிய பாடத்தைக் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை கேட்க வந்த ராணியம்மாள் பின்வரிசை வழியாக நடந்தபோது பொன்னி கையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். அதில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. பட்டம் விடும் இரண்டு பையன்கள் இருந்தார்கள். அது முதல் பருவப் புத்தகம். அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறாள். மாற்றி எடுத்து வந்ததுகூடத் தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க 'வாசித்து' முடித்து, பக்கத்தைத் திருப்பவும் செய்தாள்.

ராணியம்மாள் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று நாள் சொல்லாமல் இருந்தாள். நாலாம் நாள் தட்டு கழுவும் இடத்தில் டீச்சர் தனியாக நின்றபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"இன்னா ராணி, முட்ட கம்மியா வந்துச்சா?"

"அது இல்ல. அந்தப் பொன்னிக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

டீச்சர் சிரித்துவிட்டாள். "என் கிளாஸ்லயே நல்லா படிக்கறவ அவதான்."

"நல்லாதான் சொல்றா. ஆனா புஸ்தகம் வேற."

டீச்சரின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அன்று மாலை பொன்னியை மட்டும் நிறுத்தி, நடத்தாத ஒரு பாடத்தை எடுத்துக் கொடுத்தாள். பொன்னி முதல் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாவாடையைச் சுருட்டினாள். பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்றாள். ஐந்து வருஷம் எத்தனையோ முறை தண்ணீர் குடித்துத்தான் அவள் தப்பித்திருக்கிறாள் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். டீச்சர் முதலில் செய்தது தப்பு. ஒவ்வொரு எழுத்தையும் நூறு நூறு முறை எழுதச் சொன்னாள். பொன்னி எழுதினாள். நாற்பதாவது வரிசைக்கு மேல் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எழுதி முடித்ததைப் படி என்றால் படிக்க வரவில்லை. பத்து நாளில் பொன்னி வயிற்றுவலி என்று பள்ளிக்கு வராமல் நின்றாள்.

அந்த வாரம் டீச்சர் சமையல் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து, கேட்காமலேயே ராணியம்மாளிடம் சொன்னாள். "சக்திவேல்னு ஒருத்தன் எங்கிட்ட படிச்சான் ராணி. பதினாலு வருஷம் ஆவுது. படிக்க வரலன்னு அடிச்சேன். சும்மா இல்ல, நல்லாவே அடிச்சேன். ஏழாவதோட நின்னுட்டான். போன வருஷம் ஒரு சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். அங்க ஒருத்தன் மனுவ வெச்சினு, எழுதித் தரச் சொல்லி யாரையோ கேட்டுனு இருந்தான். மீசை வெச்ச ஆளு. என்னப் பாத்தான். பாத்துட்டு ஓடிப்போயி தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினான். இருபத்தஞ்சு வயசு ஆளு ராணி. என்னைப் பாத்து ஒளிஞ்சான்."

ராணியம்மாள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் விசாரித்துக்கொண்டு போய் ஒரு சிறப்பாசிரியரைப் பார்த்துவிட்டு வந்தாள். டிஸ்லெக்சியா என்ற பெயரை முன்பு ஏதோ பயிற்சியில் கேட்டிருக்கிறாள், அன்றைக்குக் குறித்துக்கொண்டதோடு சரி. இப்போது முழுதாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மந்தம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கண்ணில் கோளாறும் இல்லை. எழுத்தைப் பார்த்து அதை ஒலியாக மாற்றும் வேலை மட்டும் அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட மிக மெதுவாக நடக்கிறது. காதால் கேட்டால் ஒரு முறையில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஐந்து வருஷம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. சேர்ந்து கத்தும் வாசிப்பில் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

பொன்னி வீட்டுக்குப் போய், "நூறு தடவ எழுதச் சொன்னது டீச்சர் தப்பு. இனிமே இல்ல" என்று அந்தப் பத்து வயதுப் பெண்ணிடமே சொல்லிக் கூட்டி வந்தாள்.

அதன் பிறகு ஐந்தாம் வகுப்பு மாறியதைச் சமையல் கூடத்து ஜன்னல் வழியாக ராணியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டீச்சர் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் நீளமாக ஒரு ஜன்னல் வைத்தாள். அதைப் பக்கத்தின்மேல் வைத்தால் மற்ற வரிகள் எல்லாம் மறைந்துவிடும். ஒரு நாள் வெட்கத்தோடு வந்து, "ராணி, கொஞ்சம் ரவை இருக்குமா? சாப்பிட இல்ல" என்று கேட்டாள். தட்டில் ரவையைப் பரப்பி, பொன்னி அதில் விரலால் எழுத்தைப் பெரிதாக எழுதி, எழுதும்போதே அதன் ஒலியையும் சொல்ல வேண்டும். கொம்பு போட்ட எழுத்துகள்தான் அவளுக்குப் பெரிய பாடு. கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது. ரவையில் பத்து நாள் அதற்கே போயிற்று.

கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுவதை டீச்சர் அவளுக்கு நிறுத்தினாள். பக்கத்தில் உட்காரும் எழிலரசியின் நோட்டை நகல் எடுத்துக் கொடுத்தாள். சமூக அறிவியல் பரீட்சையில் கேள்வியை டீச்சர் படித்தாள், பதிலைப் பொன்னி வாயால் சொன்னாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்கு.

"இது எப்டி டீச்சர் நியாயம்? எனக்கும் வாய்லயே கேளுங்க" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"டேய், நீ கண்ணாடி போட்டுனுதானே படிக்கறே? கழட்டிட்டுப் படி பாக்கலாம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்வதையும் டீச்சர் விட்டுவிட்டாள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். இன்னொரு சட்டமும் வந்தது. ஒருவர் வாசிக்கும்போது திணறினால் மற்றவர்கள் சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது. வேண்டும் என்றால் அவர்களே இடது கையைத் தூக்குவார்கள். தூக்காதவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். இதை முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குள் டீச்சரின் தொண்டை இன்னும் கொஞ்சம் கட்டிப்போயிற்று.

நாலு மாதத்தில் பொன்னி வரி வரியாக வாசிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு பத்திக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆனால் அது அவளாகவே வாசிப்பது.

தலைமையாசிரியர் வேண்டாம் என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமை மாலை டீச்சர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, "ராணி, வண்டில ஏறு, உன் வீட்டாண்ட எறக்கி வுட்டுடறேன்" என்றாள். ஆனால் வண்டி போய் நின்றது கிரிவலப் பாதையில் பொன்னியின் அம்மா ஆராயி போட்டிருந்த சுண்டல் கடை முன்னால். இன்னும் நாலு நாளில் பௌர்ணமி. ஆராயி அடுப்புக்குப் புது மண் பூசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். பெரிய சார் போன் பண்ணாரு. நாளைக்கு அனுப்ப வேணாமாம்."

"நான் அனுப்புன்னு சொல்ல வந்தேன்."

"யாராச்சும் ஒருத்தர் சொல்றத கேக்கணும்ல? ஒருத்தர் வான்றாரு, ஒருத்தர் வராதேன்றாரு. எம்பொண்ணு இன்னா பஸ்ஸா, ரிவர்ஸ் எடுக்கறதுக்கு?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆராயி சிரிக்கவில்லை.

"நான் சொல்றேன் டீச்சர், கோச்சிக்காதீங்க. இங்க கடைல அவ கெட்டிக்காரி. ஒரு தடவ வந்த ஆளு மொகத்த மறக்க மாட்டா. அங்க வந்தா மக்கு. எதுக்கு மக்கா இருக்கணும்? அஞ்சாவது முடியட்டும்னு பாத்தேன். இப்பவே நின்னா இன்னா?"

"மக்கு இல்ல ஆராயி. படிக்கறதுக்கு அவளுக்கு டைம் ஜாஸ்தி வேணும். அவ்ளோதான். பத்தாவது பரீட்சையிலகூட இந்த மாதிரி பசங்களுக்குக் கூடுதலா நேரம் குடுப்பாங்க, கேட்டு எழுத ஆள் வெப்பாங்க. அதுக்கு டாக்டர் சான்றிதழ் வேணும். நானே கூட்டினு போய் வாங்கித் தரேன்."

"பத்தாவது! நாளைக்கே தாண்டுவாளான்னு பாருங்க." ஆராயி கையில் இருந்த மண்ணைத் துடைத்தாள். "சரி, அனுப்பறேன். மத்தியானம் நானே வரேன். அங்க யாராச்சும் எம்பொண்ணப் பாத்து சிரிச்சாங்கன்னு வெச்சிக்கோங்க, பையத் தூக்கினு கையோட கூட்டினு வந்துடுவேன். அப்புறம் யாரும் என் வீட்டாண்ட வரக்கூடாது."

"சரி" என்றாள் டீச்சர். ராணியம்மாளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

மறுநாள் அலுவலர் அம்மா பதினொன்றரைக்கு வந்தார். கண்டிப்பான முகம். நாலாம் வகுப்பை முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டேகால். வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டி, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பொன்னி யாரும்மா? வாசி பாக்கலாம்."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "மேடம், அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு..."

"ஒடம்பு நல்லா இருக்குது மேடம்" என்றாள் மணிமொழி டீச்சர். "அவளுக்கு டிஸ்லெக்சியா இருக்குதுன்னு நெனைக்கிறோம். வாசிக்க நேரம் ஆவும். நடத்தாத பாடமா குடுங்க. நடத்துன பாடம்னா பாக்காமயே சொல்லிடுவா."

பிள்ளைகள் சிரித்தார்கள். பொன்னியும் சிரித்தாள். அலுவலர் அம்மா டீச்சரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எறும்புகளைப் பற்றிய ஒரு பத்தியைக் காட்டினார். பொன்னி கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து முதல் வரிமேல் வைத்தாள்.

வாசிக்கத் தொடங்கினாள். ஒரு சொல். இடைவெளி. இன்னொரு சொல். சமையல் கூடத்து ஜன்னலில் நின்று ராணியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பின் பின்பக்க ஜன்னலில் ஆராயி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் அவள் பார்த்தாள்.

மூன்றாம் வரியில் பொன்னி நின்றுவிட்டாள். கொம்பு போட்ட சொல். விரல் தொடைமேல் என்னவோ எழுதியது. அழித்தது. மறுபடி எழுதியது. வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இடது கை தூக்கப்படவில்லை.

"கொடுக்கு! கொடுக்கும்மா!" தாங்க முடியாமல் சக்கரபாணி சொல்லிவிட்டார்.

முப்பத்தொரு தலைகள் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின.

"சார், எடுத்துக் குடுக்கக் கூடாது சார்" என்றாள் எழிலரசி.

"உஷ்" என்றது பின்வரிசை.

தலைமையாசிரியரின் வாய் திறந்தபடியே இருந்தது. அலுவலர் அம்மா பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். பொன்னி யாரையும் பார்க்கவில்லை. அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. சொல்லின் தொடக்கத்துக்குப் போய், எழுத்து எழுத்தாகக் கூட்டித் தானே சொன்னாள். அடுத்த வரிக்கு அட்டையை நகர்த்தினாள்.

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. சாப்பாட்டு மணியை அடிப்பது ராணியம்மாளின் வேலை. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியோடு அவள் நின்றாள். அடித்தால் மற்ற ஏழு வகுப்புப் பிள்ளைகளும் தட்டோடு கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். பொன்னிக்கு இன்னும் நாலு வரி பாக்கி. பதினோரு வருஷத்தில் ராணியம்மாள் ஒரு நிமிஷம்கூடத் தாமதித்ததில்லை. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் பார்க்காத மாதிரி சாம்பார் அண்டாவின் மூடியைத் திறந்து மூடினாள். பசித்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து அவள் புடவையை இழுத்தார்கள். "இருங்கடி" என்று அவர்களை அணைத்துக்கொண்டாள். கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பொன்னி கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்து, அட்டையை எடுத்தாள்.

"எறும்பு ஏம்மா வரிசையா போவுது?" என்று கேட்டார் அலுவலர் அம்மா.

அவ்வளவுதான், அடைத்துவைத்த தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி பொன்னி பேசினாள். முன்னால் போகும் எறும்பு வாசனை வைத்துவிட்டுப் போகும், பின்னால் வருவது அதை மோந்துகொண்டு வரும். இதுவரை பத்தியில் இருந்தது. தன் அம்மா கடையில் சர்க்கரை டப்பாவுக்கு வருகிற எறும்பு வரிசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அவை வழி தெரியாமல் சுற்றும் என்பது பத்தியில் இல்லாதது. அதையும் சொன்னாள்.

அலுவலர் அம்மா பேனாவைத் திறந்தார். பார்வைப் பதிவேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்த தலைமையாசிரியரின் முகம் முதலில் சுருங்கியது. "ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர் மிக மெதுவாக வாசிக்கிறார்" என்று இருந்தது. அடுத்த வரி: "ஆனால் புரிந்து வாசிக்கிறார். சிறப்பாசிரியர் வாரம் ஒரு முறை வர ஏற்பாடு செய்ய வேண்டும். மற்ற வகுப்புகளிலும் இப்படிப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்களா என்று தலைமையாசிரியர் பார்த்துத் தெரிவிக்கவும்."

"கொற மாதிரியும் இருக்குது, பாராட்டு மாதிரியும் இருக்குது" என்று சக்கரபாணி முணுமுணுத்தார். "போன வாட்டி லீவு குடுத்தேனே ரெண்டு பேரு, அவனுங்க வீடு எங்கம்மா இருக்குது?"

"தெரியும் சார். சாயந்திரம் போலாம்" என்றாள் டீச்சர்.

ராணியம்மாள் மணி அடித்தாள். தட்டுகளின் சத்தத்தில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. வரிசையின் கடைசியில் மணிமொழி டீச்சர் தட்டோடு வந்து நின்றாள். ராணியம்மாள் முட்டையை வைத்தாள். முட்டை தட்டில் இங்குமங்கும் உருண்டது.

"மணி அடிக்க மறந்துட்டியா ராணி?"

"மறக்கல டீச்சர்" என்றாள் ராணியம்மாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

ஆராயி முன்பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். பொன்னி எழிலரசியோடு உட்கார்ந்து, வாயில் சோற்றோடு எறும்புக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கை தானாகப் பைக்குப் போயிற்று.

"இன்னா, சாப்பாட்ட பாதில வுட்டுட்டு எங்க கெளம்பற?" என்றாள் ஆராயி. "தின்னு." பிறகு டீச்சரிடம் திரும்பி, பொதுவாக யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள். "பௌர்ணமி அன்னிக்கு ஸ்கூல் உண்டா டீச்சர்?"

"உண்டு."

"அப்ப கடைக்கு என் தங்கச்சியத்தான் வரச் சொல்லணும். அவளுக்குச் சில்லறகூட ஒழுங்கா குடுக்கத் தெரியாது." சலித்துக்கொண்டே முந்தானையை உதறிச் செருகினாள். "அந்த டாக்டர் சான்றிதழுன்னீங்களே, அதுக்கு என்னைக்குப் போவணும்னு சொல்லுங்க. நானும் வரேன்."

பையைக் கேட்காமல், பொன்னியைக் கூப்பிடாமல், வாசலைப் பார்த்து நடந்தாள்.